சிங்கப்பூர் மாளிகையும் ஒரு ஜோடி தபால்தலையும்

ஜீயபுரம், முசிறி, லால்குடி என்று திருச்சியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளை ஒருவராவது இருப்பார். ஒரு காலத்தில் அங்கிருந்து கடிதம் வந்தால் பெரியவர்கள் அதைப் படிப்பார்கள். கவரில் ஒட்டிய ஸ்டாம்பைச் சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் ஊற வைத்து உரித்துக்கொள்வார்கள். இப்போது வீடியோ கால்தான். ஸ்டாம்புக்கு எங்கே போவது?

அதனாலேயே 2015-ல் வந்த ஒரு ஜோடி தபால்தலையைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். 1965 ஆகஸ்ட் 9-ல் தனி நாடான சிங்கப்பூருடன் அதே மாதம் 24-ம் தேதி இந்தியா தூதரக உறவு வைத்துக்கொண்டது. அதன் 50-ம் ஆண்டுக்காகப் பிரதமர்கள் மோடியும் லீ சியன் லூங்கும் வெளியிட்டவை இவை. ஒன்றில் டெல்லி ராஷ்டிரபதி பவன், இன்னொன்றில் சிங்கப்பூர் அதிபர் மாளிகையான இஸ்தானா.

இப்படி ‘உங்களது ஒன்று, எங்களது ஒன்று’ என்று ஜோடி சேர்ப்பதுதான் இந்த வகைத் தபால்தலைகளின் வழக்கம். 2002-ல் ஜப்பானுடன் கதகளியும் கபுகியும். 2003-ல் தென்கொரியாவுடன் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரும் அவர்களுடைய பழைய வானியல் கோபுரமும். 2012-ல் இஸ்ரேலுடன் தீபாவளியும் ஹனுக்காவும். இரண்டுமே விளக்குப் பண்டிகை. என்ன அழகான பொருத்தம்!

அதோடு ஒப்பிட்டால், இரண்டு அரசு மாளிகைகள் என்பது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் இஸ்தானாவின் கதை தெரிந்தால் அப்படித் தோன்றாது. இரண்டுமே வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டியவை. டெல்லியில் இருப்பது வைஸ்ராய்க்கு, சிங்கப்பூரில் இருப்பது கவர்னருக்கு. 1867 முதல் 1869 வரை இஸ்தானாவைக் கட்டிய கைகளில் பல, இந்தியாவிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளுடையவை. அந்நாளில் சென்னை, வங்காள மாகாணங்களிலிருந்து அப்படி நாடு கடத்தப்பட்டவர்கள் ஏராளம். அங்கே சாலை போட்டதும், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியதும் அவர்களே. தூதரக உறவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே நம் ஆட்கள் அங்கே கல் சுமந்திருக்கிறார்கள். தபால்தலையில் அது ஒரு வரிகூட இல்லை.

இனி வரும் சிறப்புத் தபால்தலைகளைத் தவறவிடாமல் இருக்க ஒரு வழி உண்டு. தலைமைத் தபால் நிலையத்தில் 200 ரூபாய் கட்டி, தபால்தலை சேகரிப்புக்கான டெபாசிட் கணக்கு தொடங்கினால் புதியவை வீட்டுக்கே வரும். 6 முதல் 9-ம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றும் விசாரியுங்கள். தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு ‘தீன்தயாள் ஸ்பர்ஷ்’ என்று ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. வினாடி வினாவும் ஒரு புராஜெக்ட்டும் உண்டு. புராஜெக்ட்டுக்கு இஸ்தானாவையே எடுத்துக்கொள்ளலாம்.