கைப்பேசி போடும் கலோரிக் கணக்கு

1890-களில் அமெரிக்காவின் மிடில்டவுன் நகரில், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் காற்றுப் புகாத சிறிய அறை ஒன்று கட்டப்பட்டது. உள்ளே ஒரு கட்டில், மேசை, நாற்காலி. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள் நாள்கணக்கில் அதற்குள்ளேயே தங்கி, நிறுத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டு, தூங்கி, ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். அவர்கள் உடல் வெளியிட்ட வெப்பம், மூச்சுக்காற்று, கழிவு என எல்லாவற்றையும் வில்பர் அட்வாட்டர் என்ற வேதியியலாளரின் குழு அளந்தது. மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்று உலகம் போடும் கணக்கு அவருடைய ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

அந்தக் கணக்கு இப்போது கைப்பேசிக்குள் இருக்கிறது. அமெரிக்காவின் மைஃபிட்னஸ்பால் 2005-லும் பெங்களூருவின் ஹெல்திஃபைமீ 2012-லும் தொடங்கப்பட்ட, கலோரி எண்ண உதவும் சேவைகள். தட்டைப் படம் பிடித்தால் போதும், செயலியே உணவை அடையாளம் கண்டு கலோரி சொல்லிவிடும் அளவுக்கு இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. தோசையைத் தோசை என்று அது கண்டுகொள்ளும். கல்லில் எவ்வளவு எண்ணெய் விட்டார்கள் என்பது படத்தில் தெரியாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் சுமார் 120 கலோரி. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் சமைக்காத பொருள்கள். வீட்டுக்கு வீடு மாறும் குழம்புக்கு ஒரே எண்ணை எந்த அட்டவணையாலும் தர முடியாது.

உணவு உடலுக்குள் போன பிறகும் கணக்கு வழுக்குகிறது. 28 கிராம் பாதாம் பருப்பில் சுமார் 170 கலோரி என்கிறது பழைய சூத்திரம். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-இல் மனிதர்களைக் கொண்டே சோதித்தபோது, உடல் எடுத்துக்கொண்டது 129 கலோரிதான். மென்ற பிறகும் உடையாத செல்சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பு, செரிக்காமலே வெளியேறிவிடுகிறது.

செலவுக் கணக்கின் நிலை இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தது. ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிட்டன. எரிந்த கலோரியைச் சொல்வதில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது. மிக மோசமானது 93 சதவீதம்!

மனிதர்களின் நினைவும் கைகொடுப்பதில்லை. கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் கலந்த நீரைக் குடிக்கவைத்து, அவை உடலைவிட்டு வெளியேறும் வேகத்திலிருந்து ஒருவரின் ஆற்றல் செலவைத் துல்லியமாகக் கணிக்கலாம். 'குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், எடை குறையவில்லை' என்று சொன்னவர்களை நியூயார்க்கில் இப்படிச் சோதித்த முடிவு 1992-இல் வெளியானது. தாங்கள் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. இதைப் பொய் என்று தள்ளிவிடக் கூடாது. பேச்சுவாக்கில் வாய்க்குள் போகும் நொறுக்குத்தீனியை யாருடைய மனமும் குறித்துவைப்பதில்லை. அன்றன்றைக்கு எழுதிவைக்கும் பழக்கத்துக்கு மதிப்பு இருப்பது இதனால்தான். எண் சற்றுப் பிசகினாலும் கவனம் உணவின் பக்கம் திரும்புகிறது.

துரித உணவு இந்தக் கவனத்தைத்தான் முதலில் கலைக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து நடத்திய சோதனை 2019-இல் வெளியானது. இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் பரிமாறும்போது ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள்.

அப்படியானால் தொழில்நுட்பம் உதவ வேண்டிய இடம், சாப்பிட்ட பிறகு போடும் கூட்டல் கழித்தலுக்கு முன்பே வந்துவிடுகிறது. பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபுட்டி’ என்ற செயலி கலோரியே எண்ணுவதில்லை. திரையில் உணவுப் படங்கள் வரும். பச்சை வட்டம் சூழ்ந்த பழத்தையோ காயையோ சட்டென்று தொட வேண்டும்; சிவப்பு வட்டத்துக்குள் சிப்ஸோ சாக்லேட்டோ வந்தால் விரலை அடக்க வேண்டும். சில நிமிட விளையாட்டுதான். அடிக்கடி விளையாடியவர்கள் நொறுக்குத்தீனியைக் கொஞ்சம் குறைத்ததாகத் தெரிவித்தார்கள். மாற்றம் சிறியதுதான், ஆனால் கை நீளும் அந்தக் கணத்தைக் குறிவைப்பது சரியான வழி.

ஒரு எச்சரிக்கை அவசியம். உண்ணுதல் கோளாறுக்குச் சிகிச்சை பெறும் 105 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முக்கால்வாசிப் பேர் கலோரிச் செயலி பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கள் நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். வளரும் பிள்ளைகள் கையில், மருத்துவர் ஆலோசனையின்றி இதைக் கொடுக்கவே கூடாது.

கலோரி எண்ணும் அதே கைப்பேசியில்தான் நள்ளிரவில் பர்கர் தள்ளுபடி அறிவிப்பும் வருகிறது. தனிமனிதரின் மன உறுதியை மட்டும் நம்பி இதை விட்டுவைக்க முடியாது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளுக்கு இணையத்தில் கட்டண விளம்பரம் செய்ய பிரிட்டன் 2026 ஜனவரி 5 முதல் தடை விதித்திருக்கிறது. தொலைக்காட்சியில் இரவு 9 மணிக்கு முன்பு அவற்றைக் காட்டக் கூடாது. ஆனால் குறிப்பிட்ட பண்டத்தைக் காட்டாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் விளம்பரப்படுத்த அந்தச் சட்டத்தில் இடம் உண்டு.