ஜிபியிடமிருந்து டிபி பரிசோதனைக் கடிதம் வந்தால்



படிப்புக்கோ வேலைக்கோ, நிக்காஹ் முடிந்து கணவருடன் சேர்ந்து வாழவோ இந்தியாவிலிருந்து நம் நியூஹாமுக்கு வரும் இளைஞர்கள் ஜிபி சர்ஜரியில் பெயர் பதிந்ததும், காசநோய்க்கான இரத்தப் பரிசோதனைக்கு அழைப்பு வருவதுண்டு. அதைக் கண்டு பல வீடுகளில் கலக்கம் ஏற்படுகிறது. "விசாவுக்கே எக்ஸ்ரே எடுத்தோமே, மறுபடியும் எதற்கு?", "விசாவுக்கு ஏதும் தடை வருமா?", "நாலு பேருக்குத் தெரிந்தால்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். மூன்றுக்கும் இங்கே விளக்கம் தருகிறோம்.

விசாவுக்கு எடுத்த எக்ஸ்ரே, நுரையீரலில் நோய் வெளிப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே காட்டும். காசநோய்க் கிருமியோ உடலுக்குள் புகுந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அது எக்ஸ்ரேயில் தெரியாது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இக்கிருமி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். உறங்கும் கிருமி உள்ளவர் நோயாளி அல்ல. அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஆனால் இப்படிப்பட்ட 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கிருமி விழித்துக்கொண்டு நோயாகிறது. அதை முன்கூட்டியே கண்டு அழிப்பதே இந்தப் பரிசோதனையின் நோக்கம்.

இங்கிலாந்தில் காசநோய் காணப்படுபவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் பலருக்கு இங்கு வந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகே நோய் வெளிப்படுகிறது. அதனால்தான் விமான நிலையத்தோடும் விசாவோடும் நிறுத்தாமல், ஜிபி வழியாகப் பரிசோதிக்கும் திட்டம் வந்தது. நியூஹாமில் 2014இல் தொடங்கியது. 2015 முதல் காசநோய் அதிகமுள்ள மற்றப் பகுதிகளுக்கும் விரிந்தது.

பொதுவாக 16 முதல் 35 வயதுக்குட்பட்ட, கடந்த 5 ஆண்டுகளுக்குள் வந்தவர்களையே அழைக்கிறார்கள். நோய் அதிகமுள்ள நாடுகளில் ஆறு மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகியவை இதில் அடங்கும். இலங்கையில் நோய் குறைவு என்பதால், அங்கிருந்து வந்தோருக்கு அழைப்பு வராமல் இருக்கலாம். ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவை இருந்தால் எந்த நாட்டவரும், எந்த வயதினரும் அழைப்புக்குக் காத்திராமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பரிசோதனை என்பது கையிலிருந்து சிறிது இரத்தம் எடுப்பதுதான். சிறுவயதில் போட்ட பிசிஜி தடுப்பூசி முடிவை மாற்றாது. சில இடங்களில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளையும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்பார்கள். உங்கள் சம்மதத்தின் பேரில்தான் செய்வார்கள்.

கிருமி இருப்பதாகத் தெரிந்தால், நோய் வெளிப்படவில்லை என்பதை எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்துகொண்டு மாத்திரை தருவார்கள். இரண்டு மருந்துகள் என்றால் 3 மாதம், ஒன்று மட்டும் என்றால் 6 மாதம். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. ரிஃபாம்பிசின் மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். இம்மருந்து கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதால் பெண்கள் முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்ள வேண்டும். கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ரமலானில் இரத்தம் கொடுப்பதால் நோன்பு முறியாது. மாத்திரை நாளுக்கு ஒருமுறைதான் என்பதால் நேரத்தைச் சஹரையோ இஃப்தாரையோ ஒட்டி மாற்றிக்கொள்ள முடியும். நர்ஸிடம் கேட்டுச் செய்யுங்கள். நோன்பைக் காரணம் காட்டி இடையில் நிறுத்திவிடக் கூடாது.

பரிசோதனைக்குப் போவதோ அதன் முடிவோ உங்கள் விசாவைப் பாதிக்காது. ஜிபியில் பெயர் பதியப் பாஸ்போர்ட்டோ முகவரிச் சான்றோ கட்டாயமும் இல்லை.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம்தான். சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடும் என்று மகனைப் போகவிடாத பெற்றோர் உண்டு. மருமகளுக்கு வந்த கடிதத்தை அவளிடம் கொடுக்காமல் எடுத்து வைத்துவிடும் வீடுகளும் உண்டு. இப்படி மறைத்த கிருமி பின்னர் விழித்துக்கொண்டால், முதலில் ஆபத்து அதே வீட்டிலுள்ள கைக்குழந்தைக்கும் முதியவர்களுக்கும்தான். நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் காட்டிய வழி. அதில் இழிவு ஏதும் இல்லை.

ஆங்கிலம் தெரியாதவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சர்ஜரியில் கேளுங்கள், அதற்கும் கட்டணமில்லை. கணவரையோ பிள்ளைகளையோ வைத்துப் பேச வேண்டியதில்லை. கடிதம் புரியாவிட்டால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லி, அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறோம். பெண்களுக்கு உதவ நம் சகோதரிகள் இருக்கிறார்கள். வந்த விஷயம் வெளியே போகாது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.

— செயலாளர்