கொம்பு முளைத்த கறுப்பு வண்டு

பொழுது சாய்ந்ததும் லயத்து விளக்கடியில் 'டப்'பென்று வந்து விழும் கறுப்பு வண்டை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். காலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டு விளையாடுவார்கள். அதுதான் காண்டாமிருக வண்டு. அந்த வண்டு எங்கள் லயத்தில் ஒரு சண்டையே மூட்டிவிட்டது!

பேரன் பிறந்த ஆண்டில் ஒரு பாட்டி நட்ட தென்னங்கன்று திடீரெனக் குருத்து வாடிச் செத்தது. "பக்கத்து வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது" என்றார் பாட்டி. இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது.

நான் போய்ப் பார்த்தேன். விரிந்த மட்டைகள் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் முக்கோணமாக நறுக்குண்டிருந்தன. குருத்தடியில் ஒரு துளை. வாயில் சக்கை நார். இது கண்ணின் வேலையல்ல, வண்டின் வேலை! இரவில் வரும் இவ்வண்டு விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். துளை நடுக்குருத்தின் நுனியைத் தொட்டால் கன்று பிழைக்காது. செம்பனைக் கன்றுக்கும் இதே கதிதான்.

வண்டின் நீளம் மூன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர். தலையில் ஒற்றைக் கொம்பு. ஆணுக்குச் சற்று நீளம். புரட்டிப் பாருங்கள்: வால் நுனியில் செம்பழுப்பு மயிர்க்கற்றை இருந்தால் பெண். மூன்று கொம்புள்ள பெரிய வண்டு வேறு இனம்.

முட்டையிடுவதோ மரத்திலல்ல, மட்கிய மரத்துண்டிலும் சாணக் குவியலிலும்தான். 8 முதல் 12 நாளில் முட்டை பொரியும். பிறைபோல் வளைந்த வெள்ளைப் புழு பல மாதம் மட்கைத் தின்று கொழுக்கும். பிறகு கூட்டுப்புழுவாகி, சுமார் மூன்று வாரத்தில் வண்டாகும். மறுநடவின்போது சாய்த்த செம்பனைகள் மட்கும் இடத்தில் இது பெருகுவது இதனால்தான்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு பாட்டியின் மாட்டுக் கொட்டகைச் சாணக் குவியலைக் கிளறினேன். பெருவிரல் தடிமனில் புழுக்கள் நெளிந்தன! கோழிகளுக்கு அன்று விருந்து.

குவியலை அடிக்கடி கிளறி, எருவை உடனுக்குடன் செடிகளுக்குப் போடுங்கள். மட்கிய கட்டைகளைப் பிளந்து புழுவைப் பொறுக்குங்கள். துளையில் வண்டு இருந்தால் கொக்கிக் கம்பியால் இழுத்தெடுங்கள்.

இயற்கையும் கைகொடுக்கிறது. இவ்வண்டைக் கொல்லும் நச்சுயிரி ஒன்றை ஹூகர் என்னும் அறிஞர் 1963-இல் நம் மலேசியாவில்தான் கண்டறிந்தார். 1967-இல் அது சமோவாத் தீவின் தென்னைகளைக் காக்க அனுப்பப்பட்டது.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்கு ஒரு செம்புப் பால் போயிற்று.