பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தெரியுது... அப்பாவுக்கு ஏன் தெரியலை? கண்புரையோடு வேறு கண் நோயும் இருந்தால்...

"கட்டைப் பிரிச்சாச்சுப்பா. இப்ப எப்படித் தெரியுது?"

"வெளிச்சமா இருக்கும்மா. உன் புடவை கலர்கூட பளிச்னு தெரியுது. ஆனா அந்த போர்டுல இருக்கிற எழுத்துதான்..."

"பக்கத்து வீட்டு மாமா மறுநாளே பேப்பர் படிச்சாரேப்பா?"

கண் மருத்துவமனை வராந்தாக்களில் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் இருக்காது. மகளுக்கு டாக்டர்மீது சந்தேகம். அப்பாவுக்கு உள்ளே வைத்த லென்ஸ்மீது சந்தேகம். 'மட்டமான லென்ஸை வெச்சுட்டாங்களோ' என்று வீடு திரும்பும் வழியெல்லாம் ஓடும். பல நேரங்களில் ஆபரேஷனிலும் தவறு இருக்காது, லென்ஸிலும் தவறு இருக்காது. மாமாவின் கண்ணில் இருந்தது புரை மட்டும். அப்பாவின் கண்ணில் புரைக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்திருக்கும். 15 வருட சுகரோ, யாரும் கவனிக்காத கண் நீர் அழுத்தமோ, வயதால் தேய்ந்த விழித்திரையோ. அதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால், அந்த வராந்தா பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

லென்ஸைத் துடைத்தால் போதுமா?

கையில் இருக்கும் போனையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா லென்ஸில் அழுக்குப் படிந்தால் படம் மங்கும். துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சாரே பழுதாகியிருந்தால்? எவ்வளவு துடைத்தாலும் படம் முழுதாக வராது. கண்ணில் அந்த சென்சார்தான் விழித்திரை, அதாவது ரெட்டினா. அங்கிருந்து மூளைக்குப் படத்தைக் கொண்டுபோகும் ஒயர், பார்வை நரம்பு. கண்புரை ஆபரேஷன் மாற்றுவது முன்னால் இருக்கும் லென்ஸை மட்டும்.

அந்த லென்ஸ் வந்த கதையே சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் புகுந்திருந்தும் கண் அவற்றை எதிர்க்காமல் இருந்ததைப் பார்த்தார் பிரிட்டிஷ் டாக்டர் ஹரால்ட் ரிட்லி. அந்தப் பொருளில் லென்ஸ் செய்து, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாகக் கண்ணுக்குள் வைத்தார். இந்தியாவில் அது சாதாரண மக்களை எட்ட வெகுகாலம் ஆனது. அதுவரை புரை எடுத்த தாத்தா பாட்டிகளுக்கு சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அதன் ஆரோலேப் 1992 முதல் மலிவு விலையில் தயாரிக்கத் தொடங்கிய லென்ஸும் இந்த நிலையை மாற்றியதில் பெரிய பங்கு வகித்தன.

இன்று நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சைகளில் ஒன்று இது. அந்த வெற்றியே ஒரு வினையையும் கொண்டுவந்துவிட்டது. 'பத்து நிமிஷ வேலைதானே' என்ற அலட்சியம். வேறு நோய் இல்லாத கண்ணுக்கு அது ஓரளவு சரி. நோயுள்ள கண்ணுக்குச் சரியில்லை.

சுகர் இருந்தால் முதலில் பின்பக்கம்!

நம் ஊரில் கண்புரையோடு அதிகம் சேர்ந்து வருவது சர்க்கரை நோய். சுகர் உள்ளவர்களுக்குப் புரை கொஞ்சம் முன்னதாகவே வரும். அதே சுகர் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். குழாய்கள் கசிந்து, விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீர் கோத்துக்கொள்ளும். எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அந்தச் சின்ன இடத்தின் வேலை.

புரை ஆபரேஷன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கண்ணுக்குள் கொஞ்சம் அழற்சி ஏற்படும். ஆரோக்கியமான கண் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் விழித்திரையில் கசிவு கூடிவிடலாம். அதனால்தான் முதலில் மாகுலாவை ஓ.சி.டி ஸ்கேனில் பார்த்து, நீர் இருந்தால் கண்ணுக்குள் ஊசி மருந்து செலுத்தி அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு புரையை எடுக்கிறார்கள். சிலருக்கு ஆபரேஷனின்போதே ஊசியும் போடுவது உண்டு. 'புரை எடுக்க வந்தா ஊசி போடணும்ங்கிறாங்க, பணம் பிடுங்குறாங்க' என்று கோபப்பட்டு வேறு இடம் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோபப்படும் முன் ஸ்கேன் படத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். மாகுலாவில் வீக்கம் இருந்தால் அந்தப் படத்தில் மேடு தட்டித் தெரியும். டாக்டர் விரல் வைத்துக் காட்டினால் யாருக்கும் புரியும்.

இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. புரை கெட்டியாகி மறைத்துக்கொண்டால் டாக்டரால் விழித்திரையைப் பார்க்கவே முடியாது, லேசர் சிகிச்சையும் கொடுக்க முடியாது. அப்போது விழித்திரையைக் காப்பாற்றுவதற்காகவே புரையை எடுத்தாக வேண்டும். அவ்வளவு கெட்டியான புரை என்றால், பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று பி-ஸ்கேன் எனும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள்.

சுகர்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று. ஆபரேஷன் முடிந்து நன்றாகத் தெரிந்த பார்வை, ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் மறுபடி மங்கினால், 'கண்ணாடி பவர் மாறியிருக்கும்' என்று கண்ணாடிக் கடைக்குப் போகாதீர்கள். மாகுலாவில் நீர் கோத்திருக்கலாம். போக வேண்டியது டாக்டரிடம்.

கிளாக்கோமா: சொட்டு மருந்தை யார் நிறுத்தச் சொன்னது?

கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது கிளாக்கோமா. புரையால் போன பார்வை திரும்பும், கிளாக்கோமாவால் போன பார்வை திரும்பாது. இரண்டும் ஒரே கண்ணில் இருக்கும்போது எந்த மங்கல் எதனால் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. குடும்பம் எல்லாப் பழியையும் புரையின் மேல் போடும். ஆபரேஷன் ஆனதும் எல்லாம் திரும்பிவிடும் என்று எதிர்பார்க்கும்.

இதைவிட ஆபத்தானது அடுத்த தவறு. பல வருடமாக ராத்திரி ஒரு சொட்டு போட்டுக்கொண்டிருந்த அம்மா, புரை ஆபரேஷன் முடிந்ததும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார். 'அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே!' ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் சொட்டு மருந்துகள் சில வாரங்களுக்கானவை. அழுத்தத்துக்கான சொட்டு வேறு. அதைத் தொடர்வதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை அழுத்தத்தை அளந்து பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், இவர்கள் ஒரு மறுபரிசோதனையைக்கூடத் தவறவிடக் கூடாது.

கிளாக்கோமாவிலேயே ஒரு வகைக்குப் புரை ஆபரேஷன் நல்லதும் செய்கிறது. கண்ணின் நீர் வடியும் ஓரம் பிறவியிலேயே குறுகலாக இருப்பவர்கள் உண்டு. வயதாக ஆக லென்ஸ் தடித்து, முன்னால் இருக்கும் நிறத்திரையைத் தள்ளி, அந்த வடிகாலை மேலும் அடைக்கும். தடித்த லென்ஸை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் வடிகால் திறக்கும். 419 நோயாளிகளை வைத்து 'ஈகிள்' என்ற பெயரில் நடந்த ஆய்வு, 2016-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. கோணம் அடைபடும் வகை பாதிப்பு உள்ளவர்களுக்கு, லேசரும் சொட்டு மருந்தும் என்ற வழக்கமான பாதையைவிட, லென்ஸை முதலிலேயே எடுப்பது நல்ல பலன் தந்ததாக அது சொன்னது. வடிகால் திறந்தே இருந்து அழுத்தம் கூடும் வகையில் இவ்வளவு பெரிய பலன் கிடைப்பதில்லை. தேவைப்பட்டால் புரையோடு சேர்த்து அழுத்தத்துக்கும் ஒரே நேரத்தில் ஆபரேஷன் செய்வார்கள்.

'புரை நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்' என்ற பழைய பேச்சையும் இங்கே ஓரங்கட்ட வேண்டும். முத்திய புரை ஊதிப் பெருத்து வடிகாலை அடைத்தால் கண் சிவந்து, தலை பிளக்கும், வாந்தி வரும். வீட்டில் அதைப் பித்தம் என்று நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த சில மணி நேரத்தில் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடலாம்.

புராஸ்டேட் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

'கண்ணைக் காட்ட வந்தா யூரின் மாத்திரையைப் பத்திக் கேட்கிறாங்க' என்று பெரியவர்கள் சிரிப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. சிறுநீர் தடையின்றிப் போக நிறைய ஆண்கள் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை, கண்ணின் நிறத்திரையில் உள்ள தசையையும் தளர்த்திவிடும். ஆபரேஷன் நடுவே பாப்பா சுருங்கி, நிறத்திரை ஈரத் துணிபோல் படபடக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த டேவிட் சாங், ஜான் கேம்பெல் என்ற இரண்டு டாக்டர்கள் 2005-ல் இதை விவரித்தார்கள். மாத்திரையை நிறுத்தினாலும் இந்தத் தளர்ச்சி முழுதாகப் போவதில்லை. அதனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கான ஊசியோடும் சின்னக் கொக்கிகளோடும் தயாராக இருப்பார். சொல்லாமல் விட்டால் ஆபரேஷன் மேசையில்தான் அவருக்குத் தெரியவரும். சிறுநீரகக் கல்லுக்காகவும் இந்த மாத்திரையைக் கொடுப்பதுண்டு என்பதால், பெண்களும் பழைய சீட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னும் சில கண்கள்...

சிலருக்குக் கண்ணுக்குள் பொடுகு போன்ற வெள்ளைத் துகள் படிந்திருக்கும். லென்ஸைத் தாங்கும் நுண்ணிய இழைகள் இவர்களுக்குத் தளர்ந்திருக்கலாம் என்பதால், உள்ளே ஒரு வளையம் வைத்துத் தாங்கு கொடுத்துச் செய்ய வேண்டிவரும். கண்ணுக்குள் அடிக்கடி அழற்சி வருபவர்களுக்கு, கண் மூன்று மாதமாவது அமைதியாக இருந்த பிறகே பெரும்பாலும் தேதி கொடுப்பார்கள். காலையில் எழுந்ததும் மங்கலாகவும் மதியத்துக்கு மேல் தெளிவாகவும் தெரிகிறது என்றால் கருவிழியின் உள் செல்கள் குறைந்திருக்கலாம். அந்தச் செல்கள் மறுபடி வளர்வதில்லை. ஆபரேஷனுக்குப் பின் கருவிழி வீங்கும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

வயதால் மாகுலா தேய்ந்தவர்களுக்கு நடுப்பார்வை முழுதாகத் திரும்பாது. அதற்காக 'எடுத்து என்ன பிரயோஜனம்' என்று விட்டுவிடவும் முடியாது. படி இறங்குவது, பாத்ரூமுக்குத் தனியாகப் போவது, தட்டில் இருப்பது சாம்பாரா ரசமா என்று பார்ப்பது... இதெல்லாம் எளிதாகிவிட்டால் அந்த வீட்டுக்கு அது பெரிய விஷயம்.

லேசிக் செய்துகொண்ட இளைஞர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. லேசிக் கருவிழியின் வளைவை மாற்றிவிடுகிறது. 20, 30 வருடம் கழித்துப் புரை வரும்போது, வழக்கமான கணக்குப்படி லென்ஸ் பவர் போட்டால் தப்பும். இன்றைய புதிய கணக்குமுறைகள் அதைப் பெருமளவு சரிசெய்கின்றன. இருந்தாலும் லேசிக்குக்கு முந்தைய ரிப்போர்ட்டை ஒரு போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள்.

'பெஸ்ட் லென்ஸ் வைங்க டாக்டர்'

'காசைப் பத்திக் கவலைப்படாதீங்க' என்று வெளிநாட்டிலிருந்து மகன் வீடியோ காலில் சொல்வார். பாசம்தான். ஆனால் தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் விலை உயர்ந்த மல்டிஃபோகல் லென்ஸ், உள்ளே வரும் வெளிச்சத்தைப் பிரித்துத்தான் அந்த வேலையைச் செய்கிறது. மாகுலா கெட்ட கண்ணுக்கும் கிளாக்கோமா முற்றிய கண்ணுக்கும் இருக்கிற வெளிச்சமே பற்றாது, அதையும் பிரித்தால் மங்கல் கூடத்தான் செய்யும். இவர்களுக்குச் சாதாரண மோனோஃபோகல் லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியும்தான் பெரும்பாலும் ஏற்றது. இதைச் சொல்லி விலை குறைந்த லென்ஸைப் பரிந்துரைக்கும் டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள். இந்த நோய்கள் இருப்பது தெரிந்தும், காரணம் சொல்லாமல் விலை உயர்ந்ததைத் திணிக்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும்.

தேதி குறிப்பதற்கு முன் டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். "புரையைத் தவிர அப்பா கண்ணில் வேறு என்ன இருக்கு? அதனால எவ்வளவு பார்வை போயிருக்கு? ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா அவரால பேப்பர் படிக்க முடியுமா, இல்லை நடமாட மட்டும் உதவுமா?" துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், பரிசோதனைகளை வைத்து ஓரளவு சொல்ல முடியும். அந்தப் பதிலை அப்பாவும் கேட்கட்டும். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி அவரிடம் மறைப்பதால்தான் கட்டுப் பிரிக்கும் நாளில் அவர் முகம் வாடுகிறது.

போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள், போடுகிற சொட்டு மருந்துப் பாட்டில்கள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் மேலும் சிவந்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ, மின்னல் வெட்டுவது போலவோ திரை விழுவது போலவோ தோன்றினாலோ அன்றே போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி.