காத்திருக்கும் வலிமை

நிலத்தில் விளைவது ஒன்று. அது பணமாக மாறுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பாதை அடைபட்டால், நல்ல விளைச்சலும் உழவருக்கு இழப்பாகிவிடும். கொரோனாப் பெருந்தொற்றுக் காலம் இதனை நாடெங்கும் உணர்த்தியது. கோயில் நகரமாகிய திருவண்ணாமலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

வாங்குவோர் மறைந்த ஊர்

அண்ணாமலையார் கோயில், 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை, செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமம் ஆகியவற்றை நாடி வருவோரைச் சார்ந்தே இந்நகரின் வணிகம் நடைபெறுகிறது. முழுநிலவு நாள்களில் இலட்சக்கணக்கானோர் மலையை வலம்வருவர். அவர்களுக்கான பூ, காய்கறி, பால் முதலியவற்றை விளைவித்துத் தருவதில் சுற்றுப்புறச் சிறு உழவர்களுக்கும் பங்குண்டு.

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. வேளாண் பணிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால், வாங்குவோர் இல்லை. செப்டம்பர் 1 வரை பெரிய கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை. கிரிவலமும் தடைபட்டது. அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத் திருவிழாவும் பக்தர் கூட்டமின்றியே நடந்தது.

விளைபொருளும் காலமும்

இழப்பு எல்லார்க்கும் ஒரே அளவினதாக இல்லை. உலர்த்திய நெல்லையும் நிலக்கடலையையும் சில மாதங்கள் இருப்பில் வைக்கலாம். காய்கறி சில நாள்களே தாங்கும். பாலும் பூவும் ஒரு நாளைக்கூடக் கடப்பது அரிது. பூவைப் பறித்தால் கூலி இழப்பு. பறிக்காவிட்டால் செடியிலேயே வாடும். விளைபொருள் எத்தனை நாள் காத்திருக்கும் என்பதே இழப்பின் அளவைத் தீர்மானித்தது.

பொருள் காத்திருந்தாலும் உழவரால் காத்திருக்க முடிவதில்லை. கடன் தவணையும் அடுத்த பருவத்துக்கான விதைச் செலவும் அவரை நெருக்கும். விலை குறைந்திருக்கும்போதே விற்றுவிடும் நிலைக்கு அவர் தள்ளப்படுகிறார். சிறு உழவருக்கு நிலத்தின் பரப்பு மட்டுமன்று, காத்திருக்கும் வலிமையும் குறைவு.

தாங்கிய தூண்கள்

அவ்வலிமையைச் சில அமைப்புகள் கடனாக வழங்கின. தேநீர்க் கடைகளும் உணவகங்களும் மூடப்பட்டபோது, பால் கூட்டுறவுச் சங்கங்கள் தொடர்ந்து கொள்முதல் செய்தன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் பெறும் வழி இருந்தது. பாரத ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்டு 31 வரை கடன் தவணைகளைத் தள்ளிவைக்க இசைவளித்தது.

விற்கும் பாதையும் சுருங்கியது. நோய்த்தொற்றினால் 2020 மே 5 அன்று சென்னைக் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. ஒரே பெருஞ்சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது புலப்பட்டது. இடைத்தரகரின்றி உழவரே விற்பதற்காக, 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தின் பயனும் விளங்கியது. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பேருந்து நிலையங்களும் திடல்களும் தற்காலிகச் சந்தைகளாயின. 2021 மே மாத முழு ஊரடங்கில், வாகனங்கள் காய்கறிகளைத் தெருத்தெருவாகக் கொண்டுசென்றன.

எட்டாத கைகள்

இவ்வுதவிகள் அனைவரையும் சென்றடையவில்லை. 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆனால், தனியாரிடம் வட்டிக்கு வாங்கியவருக்கு அதனால் பயனில்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் உழவர் நிதியும், தம் பெயரில் நிலமில்லாத குத்தகை உழவருக்குக் கிட்டவில்லை. தள்ளிவைத்த தவணைக்கும் வட்டி வளர்ந்தது.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் பொருளாதாரம் 23.9 விழுக்காடு சுருங்கியது. வேளாண்துறை மட்டும் 3.4 விழுக்காடு வளர்ந்தது என அரசின் முதல் மதிப்பீடு கூறியது. நாடு பசியாறியது என்பதற்கு அது சான்று. எனினும், வாடிய பூவுக்கு உரியவரின் வருவாய் இழப்பு அக்கணக்கில் தனியே தெரிவதில்லை.

கிடங்கு, கூட்டுறவு, அருகிலுள்ள சந்தை, எளிய கடன் ஆகிய நான்கும் நல்ல காலத்திலேயே கட்டப்பட வேண்டியவை. மழைக்கு முன்பே ஏரிக்கரையை வலுப்படுத்தும் ஊரே வெள்ளத்தைத் தாங்கும்.