கடித்தால் எத்தனை விநாடி?

ஸோம்பிப் படம் பார்க்க உட்கார்ந்தால் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொள்ளும். இன்னொரு கட்சி படத்தை நிறுத்தி, “அது எப்படி? போன காட்சியில் பத்து விநாடியில் மாறினானே!” என்று வழக்காடும். நான் இரண்டாவது கட்சி. “செத்தவன் எழுந்து நடப்பதை நம்புகிறாய், விநாடிக் கணக்கில்தான் உனக்குச் சந்தேகமா?” என்று முதல் கட்சி கேட்கும்.

நியாயமான கேள்விதான். ஆனால் சதுரங்கத்தில் குதிரை ஏன் ‘ட’ வடிவில் தாவுகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டத்தின் நடுவே யானையும் அப்படித் தாவினால் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போய்விடுவோம். ஸோம்பிப் படமும் அப்படியே. எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தால்தான் கதாபாத்திரத்தோடு சேர்ந்து நாமும் கணக்குப் போடுவோம். பயமே அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

தென்கொரிய இயக்குநர் யோன் சாங்-ஹோவின் ‘டிரெயின் டு பூசான்’ (2016) இதற்கு நல்ல சான்று. ஓடும் ரயிலில் தொற்று பரவுகிறது. அந்த ஸோம்பிகளுக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. கண்ணில் பட்டால்தான் பாயும். கண்ணாடிக் கதவில் தண்ணீர் தெளித்து நாளிதழை ஒட்டியதும் அடங்கிவிடுகின்றன. ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து இருள் சூழ்ந்ததும் திகைத்து நிற்கின்றன. இதை யாரும் வசனத்தில் விளக்குவதில்லை. கதாபாத்திரங்கள் கண்டுபிடிக்கும் அதே நொடியில் நாமும் கண்டுபிடிக்கிறோம். அதனால்தான் அவர்கள் இருட்டில் பெட்டி வைக்கும் தட்டின்மீது ஊர்ந்து போகும்போது நாம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். சுரங்கம் முடிந்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரியும்.

அதே படத்தில் ஒரு கணக்கு இடிக்கிறது. நெரிசலான பெட்டியில் கடிபட்டவர்கள் விநாடிகளில் மாறிவிடுகிறார்கள். நாயகன் சோக்-வூ கடிபட்ட பிறகோ, மகளுக்கு அறிவுரை சொல்ல, விடைபெற, அவள் பிறந்த நாளை நினைத்துப் புன்னகைக்க, எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கிறது. அவனுக்குக் கையில்தான் கடி, மூளைக்குத் தொலைவு, அதனால் தாமதம் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்வார்கள். ஓரளவு பொருந்தும். கையில் கடிபட்ட சாங்-ஹ்வாவும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துக் கதவைத் தாங்கி நிற்கிறார். ஆனால் படம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. நான் அந்தக் காட்சியில் அழுதேன் என்பதும் உண்மை, அழுதுகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதும் உண்மை.

இன்னொரு தந்தையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். டேனி பாய்ல் இயக்கி அலெக்ஸ் கார்லண்ட் எழுதிய ‘28 டேஸ் லேட்டர்’ (2002) படத்தில் வருவோர் உண்மையில் செத்தவர்கள் அல்லர். ‘ரேஜ்’ என்னும் வெறிக் கிருமி தொற்றிய உயிருள்ள மனிதர்கள். இரத்தம் உடலுக்குள் போனால் பத்து, இருபது விநாடிதான். ஃபிராங்க் என்ற பாசக்காரத் தந்தையின் கண்ணில், காகம் கொத்தும் பிணத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் விழுகிறது. மகளிடம் அன்பாக ஒரு வார்த்தை, “கிட்டே வராதே” என்று ஓர் அதட்டல். அவ்வளவுதான் நேரம். படம் தன் சட்டத்தை அவருக்காகத் தளர்த்தவில்லை. அந்த மரணத்தைப் பார்த்தபோது எனக்கு அழக்கூட நேரமில்லை. என் வரையில் சோக்-வூவின் மரணத்தைவிட இதுதான் கனமானது.

இந்தப் படத்துக்கு இன்னொரு சட்டமும் உண்டு. தொற்றியவர்கள் உயிருள்ளவர்கள் என்பதால் பட்டினி கிடந்தால் சாவார்கள். எத்தனை நாளில் என்று அறிய மேஜர் வெஸ்ட் தன் படைவீரன் ஒருவனையே சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறார். இறுதிக் காட்சியில் சாலையோரம் எலும்பும் தோலுமாக அவர்கள் கிடக்கிறார்கள். போட்ட கணக்குக்கு விடை வந்துவிடுகிறது.

இரண்டாம் படமான ‘28 வீக்ஸ் லேட்டர்’ (2007) வேறொரு இயக்குநருடையது. ஹுவான் கார்லோஸ் ஃபிரெஸ்னடியோ முதல் படத்தின் சட்டத்தை மதித்தே தொடங்குகிறார். ஐந்து வாரத்தில் தொற்றியவர்கள் பட்டினியால் மாண்டார்கள் என்று திரையிலேயே எழுதிக் காட்டுகிறார். சட்டம் சரி, ஓட்டை வேறெங்கோ. உடலில் கிருமி இருந்தும் வெறி பிடிக்காத ஆலிஸ் என்ற பெண்ணை இராணுவம் கண்டுபிடிக்கிறது. உலகிலேயே ஆபத்தான நோயாளி அவள். ஆனால் கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கும் அவள் கணவன் டான், கையில் உள்ள அட்டையைக் காட்டிக் கதவுகளைத் திறந்துகொண்டு அவளிடம் போய்விடுகிறான். தடுக்க ஒரு காவலர்கூட இல்லை. நம் பல்கலைக்கழக நூலகத்தில்கூட அட்டையை மறந்துவிட்டுப் போனால் விடமாட்டார்கள். அவன் அவளை முத்தமிட, லண்டன் மறுபடியும் எரிகிறது. வெறியில் தன்னையே மறந்தவன் என்று சொல்லப்படும் டான், பிறகு பிள்ளைகள் போகும் இடங்களிலெல்லாம் சரியாக வந்து நிற்கிறான். மற்ற எவருக்கும் இல்லாத நினைவு அவனுக்கு மட்டும் எப்படி வந்தது? கதைக்கு வில்லன் தேவைப்பட்டான் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை.

விநாடிக் கணக்கு ஏன் முக்கியம் என்பதற்குத் திரைக்கு வெளியேயும் காரணம் இருக்கிறது. 2020ல் வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூர் திரும்பியவர்களுக்கு 14 நாள் வீட்டில் தங்கும் உத்தரவு போடப்பட்டது நினைவிருக்கலாம். கொவிட்-19 அறிகுறிகள் தெரிய 14 நாள் வரை ஆகலாம் என்பதால் வந்த எண் அது. அறிகுறி இல்லாமல் நடமாடுபவர்தான் கிருமியை விமானத்தில் ஏற்றிச் செல்கிறார். இருபது விநாடியில் ஆளை வெறியனாக்கும் கிருமி விமான நிலைய வரிசையைக்கூடத் தாண்டாது. ஆகவே பிரிட்டனை மட்டும் தனிமைப்படுத்தினால் போதும் என்ற முதல் படத்தின் அடிப்படை, யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமானது. பாரிசுக்குக் கிருமி போக இரண்டாம் படத்துக்கு ஆலிஸைப் போலவே அறிகுறியில்லாத அவள் மகன் தேவைப்பட்டான். இதுவும் கணக்கில் சரி. மாறாக ‘வேர்ல்ட் வார் ஸீ’ (2013) படத்தில் நாயகன் எண்ணிப் பார்ப்பது 12 விநாடி. அதே படத்தில் பறக்கும் விமானத்தின் மூலையிலிருந்து ஸோம்பி ஒன்று வெளிவருகிறது. அது எப்போது, எப்படி ஏறியதோ!

2009ல் கனடாவின் ஆட்டவா நகரப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த நால்வர், நோய்ப் பரவலை ஆராயும் கணித முறையை ஸோம்பிகளுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அடிக்கடி, மேலும் மேலும் பலமாகத் தாக்கினால் மட்டுமே மனிதகுலம் பிழைக்கும் என்பது அவர்கள் கண்ட விடை. வேடிக்கையாகத் தோன்றினாலும் அவர்கள் முதலில் செய்த வேலை, ஸோம்பியின் சட்டங்களை முடிவுசெய்ததுதான். அது இல்லாமல் ஒரு சமன்பாடுகூட எழுத முடியாது.

சட்டமே இல்லாத தொடர் பார்க்க விரும்புவோருக்கு ‘ரெசிடெண்ட் ஈவில்’ இருக்கிறது. 2002 முதல் 2016 வரை ஆறு படங்கள். இரண்டாம் படத்தில், டி-கிருமியை உருவாக்கியவர் டாக்டர் ஆஷ்ஃபோர்டு, நோயுற்ற மகள் ஏஞ்சலாவுக்காக. ஆறாம் படத்தில், உருவாக்கியவர் ஜேம்ஸ் மார்க்கஸ், நோயுற்ற மகள் அலிஷியாவுக்காக. ஆஷ்ஃபோர்டு என்ற பெயரே காற்றில் போய்விடுகிறது. மூன்றாம் படத்தில் கிருமியால் ஆறு, ஏரிகள் வற்றி உலகமே பாலைவனமானதாகச் சொல்கிறார்கள். நான்காம் படத்தில் அந்தப் பாலைவனத்தை யாருக்கும் நினைவில்லை. ஐந்தாம் படத்தின் முடிவில் நாயகி ஆலிசுக்குத் திரும்பக் கிடைத்த சக்தி, ஆறாம் படம் தொடங்கும்போது காணோம். இயக்குநர்கள் மாறினார்கள் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஆறுக்கும் கதை எழுதியவர் ஒருவரே, பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன். சண்டைக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அதில் யார் செத்தாலும் நெஞ்சு பதறுவதில்லை, அடுத்த படத்தில் எதுவும் மாறலாம் என்பது பழகிவிடுகிறது.

சட்டத்தை மாற்றவே கூடாது என்பதல்ல என் வாதம். ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தில் முதலில் வரும் பிணம் கல்லை எடுத்துக் கார் கண்ணாடியை உடைக்கிறது. ‘டே ஆஃப் தி டெட்’ (1985) படத்தில் பப் என்ற ஸோம்பி மெல்லப் பழகி, கடைசியில் துப்பாக்கியையே நீட்டுகிறது. ‘லேண்ட் ஆஃப் தி டெட்’ (2005) படத்தில் அவற்றுக்கு ஒரு தலைவனே உருவாகிவிடுகிறான். சட்டம் மாறுகிறது, ஆனால் நம் கண்முன்னே, படிப்படியாக மாறுகிறது.

பாய்லும் கார்லண்டும் திரும்பிவந்து எடுத்த ‘28 இயர்ஸ் லேட்டர்’ (2025) இரண்டையும் செய்கிறது. பட்டினியால் செத்திருக்க வேண்டியவர்கள் 28 ஆண்டு பிழைத்தது எப்படி? மண்புழுவைத் தின்று ஊர்ந்து திரிகிறவர்களைக் காட்டுகிறார்கள், தலைமை தாங்கும் ‘ஆல்ஃபா’வைக் காட்டுகிறார்கள். விதி மாறியதைக் கண்ணால் பார்க்கிறோம், ஏற்றுக்கொள்கிறோம். பாரிஸ்? ஐரோப்பாவிலிருந்து கிருமி விரட்டியடிக்கப்பட்டது என்று தொடக்கத்தில் ஒரே வரி. ஒரு முழுப் படத்தின் முடிவு அந்த வரியில் கரைந்துவிட்டது.

இத்தனை சட்டங்களிலும் ‘28 இயர்ஸ் லேட்டர்’ வரை தொடாத ஒன்று மிச்சமிருக்கிறது. ‘ரேஜ்’ தொற்றியவனுக்கு எதைக் கண்டாலும் கொலைவெறி. ஆனால் பக்கத்தில் ஓடும் இன்னொரு வெறியனை மட்டும் அவன் தொடுவதில்லை. 2002லேயே எழுந்திருக்க வேண்டிய கேள்வி இது. 2025 படத்தில் அவர்களுக்குக் கூட்டம் இருக்கிறது, தலைவன் இருக்கிறான், ஒருத்திக்குத் தொற்று இல்லாத குழந்தையே பிறந்துவிட்டது. யாரைக் கடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று மட்டும் அதிலும் ஒருவரும் சொல்லவில்லை.