மலையினின்று கடலுக்கு

கனடா நாட்டின் மேலைக் கடற்கரையில் அமைந்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம். மழை மிக்க அதன் மலைச்சாரல்களில் டக்ளஸ் பர் மரங்கள் 70 மீட்டருக்கு மேலும் ஓங்கி வளர்ந்தன. அவற்றை வீழ்த்துதல் அரிது. வீழ்த்தியபின் கடலுக்குக் கொணர்தல் அதனினும் அரிது.

முற்காலத்தில் அப்பணியை எருதுகள் செய்தன. குறுக்குக் கட்டைகள் பதித்த வழியில் மீனெண்ணெய் தடவி, அடிமரங்களை அவை இழுத்துச் சென்றன. கலிபோர்னியாவில் ஜான் டால்பீர் என்பார் நீராவியால் இயங்கும் இழுபொறி ஒன்றை ஆக்கி, 1882-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் எருதின் வேலையை இரும்பு வடம் ஏற்றது. மரம் கொணர இருப்புப்பாதைகளும் இடப்பட்டன. ஆயினும், செங்குத்தான சரிவுகளில் புகைவண்டி ஏறுதல் இயலாது. ஆதலின், 1930-க்குப் பின் லாரிகள் படிப்படியாக அதன் இடத்தைப் பெற்றன.

வான்கூவர் நகரில், 1975-இல் மூடப்பட்ட ஹேய்ஸ் தொழிலகமும், 1947-இல் தோன்றிய பசிபிக் தொழிலகமும் இதற்கெனப் பெரிய லாரிகளைச் செய்தன. அவற்றிற்கு ஏற்றத்தினும் இறக்கமே இடர் மிக்கது. பெருஞ்சுமையோடு இறங்குங்கால் பிரேக்குகள் உராய்வினால் காய்ந்து பிடி தளரும். அது நேராவண்ணம், தொட்டியிலிருந்து அவற்றின்மேல் நீர் ஒழுகுமாறு அமைத்தனர். தொட்டி வறண்டால் ஓட்டுநர் உயிர்க்கு உறுதியில்லை.

கரை சேர்ந்த மரங்கள் மிதவைகளாகப் பிணைக்கப்பட்டு, இழுவைப் படகுகளால் ஆலைகளை அடைந்தன. மலையளவு சுமையைத் தாங்கிய வலிமையையும் சிறிது நீரே காத்தது என்பது எண்ணத்தக்கது.